சன்னல் வழியே ஒரு தெரு



1838-ஆம் ஆண்டு, பாரிஸ். லூயி தாகேர் என்பவர் தன் மாடிச் சன்னலில் கேமராவை வைத்துக் கீழே இருந்த தெருவைப் படம் பிடித்தார். வண்டியும் கூட்டமுமாய் இருந்த தெரு அது. படத்திலோ ஈ, காக்கை இல்லை! வெள்ளிப் பூச்சிட்ட செப்புத் தகட்டில் காட்சி பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், நகர்ந்தவர்கள் யாரும் விழவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி அசையாமல் நின்ற ஒருவரோ பதிந்துவிட்டார். புகைப்படத்தில் நமக்குத் தெரிந்து முதலில் விழுந்த மனிதர்களில் அவரும் ஒருவர். பேர்தான் தெரியாது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். 1858-இல் மதராஸ் அரசுக்காக லின்னேயஸ் டிரைப் என்பவர் மதுரையில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள். திருமலை நாயக்கர் மகாலும் தெப்பக்குளமும் ஆளரவமே இல்லாமல் தெரியும். மதுரை அப்படி என்றைக்கு இருந்தது?

இன்று படம் பதிய நொடியில் சிறு பங்கு போதும். உங்கள் வீட்டுச் சன்னலே நல்ல சட்டம். காலை வெயில் சாய்வாக விழும்போது செல்போன் கேமராவில் 'மோனோ' எனும் கருப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தெடுங்கள். திரையில் தெருவின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். சன்னல் கம்பி கன்னங்கரேலென்று நிற்கும். சைக்கிளில் போகிறவரின் நிழல் அவரைவிட நீளமாய் விழும். மூடிய சன்னல் என்றால், முதலில் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.