மூன்று நிறமென்றால் பெட்டை

கறுப்பு, செவலை, வெள்ளை மூன்றும் திட்டுத் திட்டாகப் படிந்த பூனை தெருவில் எதிர்ப்பட்டால் அதன் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. அது பெட்டைதான். கடுவனாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 3000-ல் ஒன்று என்பார்கள். நாம் வளர்க்கும் மாட்டையோ நாயையோ நிறத்தை வைத்து ஆண், பெண் என்று சொல்லிவிட முடியாது. பூனையில் மட்டும் எப்படி முடிகிறது?

பள்ளியில் மரபியல் மெண்டலின் பட்டாணியில் தொடங்கி, பெரும்பாலும் பட்டாணியிலேயே முடிந்துவிடுகிறது. நெட்டை, குட்டை, உருண்டை, சுருக்கம், ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. மெண்டல் மீது குறையில்லை. ஆனால் தாயும் தந்தையும் தந்ததைக் கூட்டிக் கழித்தால் பிள்ளை வந்துவிடும் என்று பட்டாணி நம்மை நம்பவைத்துவிடுகிறது. கணக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை என்பதைத் தன் முதுகிலேயே எழுதிக் காட்டுகிறது பூனை.

பூனையின் ஒவ்வொரு செல்லிலும் 38 குரோமோசோம்கள், அதாவது 19 ஜோடிகள். (நமக்கு 23 ஜோடிகள்.) ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் வழி வந்தது, மற்றது தந்தை வழி. மரபணுக்கள் இந்தக் குரோமோசோம்களில்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கடைசி ஜோடியில்தான் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள்: பெட்டைக்கு இரண்டு எக்ஸ், கடுவனுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய். தாயிடம் கொடுப்பதற்கு எக்ஸ் மட்டுமே உண்டு. தந்தை எக்ஸைக் கொடுத்தால் பெட்டைக்குட்டி, ஒய்யைக் கொடுத்தால் கடுவன்குட்டி.

செவலையா கறுப்பா என்பதை முடிவு செய்யும் மரபணு இருப்பது எக்ஸில். கடுவனிடம் ஒரே எக்ஸ் என்பதால் அது செவலை அல்லது கறுப்பு, இரண்டும் சேர இடமில்லை. பெட்டையிடம் இரண்டு இருப்பதால் ஒன்றில் செவலையும் மற்றதில் கறுப்பும் இருக்கலாம். செவலைக் கடுவனும் கறுப்புப் பெட்டையும் சேர்ந்தால் பிறக்கும் பெட்டைகள் எல்லாம் இருநிறக் கலவை, கடுவன்கள் எல்லாம் கறுப்பு. இந்த விஷயத்தில் ஆண் குட்டிக்குத் தகப்பனிடமிருந்து எதுவுமே வருவதில்லை.

செவலைப் பூனைகளில் கடுவன்கள் அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஓர் ஊரிலுள்ள பூனைகளின் எக்ஸ் குரோமோசோம்களில் ஐந்தில் ஒன்று செவலை என்று வைத்துக்கொள்வோம். கடுவனுக்கு ஒன்று வாய்த்தால் போதும்: நூற்றுக்கு 20 செவலை. பெட்டைக்கு இரண்டும் வாய்க்க வேண்டும்: நூற்றுக்கு 4. மனிதர்களில் சிவப்பு-பச்சை நிறக்குருடு பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகமாக இருப்பதும் இதே பெருக்கல் கணக்குதான்.

செவலை எக்ஸில் இருக்கிறது என்பது நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த சங்கதி. ஆனால் எந்த மரபணு என்பது அண்மையில்தான் பிடிபட்டது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் தனித்தனியாகத் தேடி ஒரே விடைக்கு வந்து, 2025-இல் அதை வெளியிட்டன. எக்ஸில் ஓரிடத்தில் சுமார் 5000 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. அந்த விடுபடலால், நிறமி செல்களில் வழக்கமாகச் சும்மா இருக்கும் மரபணு ஒன்று விழித்துக்கொள்கிறது. கறுப்பு நிறமிக்குப் பதில் செந்நிறமி உருவாகிறது. உலகத்துச் செவலைப் பூனைகள் அனைத்தும், ஆராய்ந்த வரையில், இந்த ஒரே விடுபடலைத்தான் சுமக்கின்றன.

பட்டாணிக் கணக்குப்படி, செவலையும் கறுப்பும் சேர்ந்து வாய்த்த பெட்டையில் ஒன்று ஓங்கி மற்றது அடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் கலந்து ஏதோ ஒரு பழுப்பாக வந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. இங்கே கறுப்பு, அங்கே செவலை. ஏன்?

விடையின் முதல் நுனியும் பூனையிடமிருந்தே கிடைத்தது. 1949-இல் கனடாவில் முர்ரே பார், தம் மாணவர் பெர்ட்ராமுடன் பூனைகளின் நரம்பு செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். சில பூனைகளின் செல் உட்கருவுக்குள் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது, சிலவற்றில் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டினால், புள்ளி இருந்தவை எல்லாம் பெட்டைகள். அது என்ன என்பது அப்போது தெளிவாகவில்லை.

12 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் ஹார்வெல்லில் எலிகளை வளர்த்துக்கொண்டிருந்த மேரி லயன் அதற்குப் பொருள் சொன்னார். எக்ஸில் நிற மரபணு மாறிய பெண் எலிகளின் ரோமம் திட்டுத் திட்டாக இருந்தது. இன்னொரு பக்கம், ஒரே எக்ஸ் மட்டும் உள்ள பெண் எலிகள் குறையில்லாமல் வாழ்ந்து குட்டியும் போட்டன. அப்படியென்றால் ஒரு செல்லுக்கு ஓர் எக்ஸே போதும். மற்றது செயலிழந்து கிடக்கிறது. பார் கண்ட புள்ளி, பாயைப் போல் சுருட்டி மூலையில் வைக்கப்பட்ட அந்த எக்ஸ்தான். 1961-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவருடைய குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் இல்லை.

கருவின் ஆரம்ப நாட்களிலேயே இது நடந்துவிடுகிறது. ஒவ்வொரு செல்லும் தன் இரு எக்ஸ்களில் ஒன்றை அடைக்கிறது. தாய் தந்ததா, தந்தை தந்ததா என்ற பேதமில்லை; எது விழுகிறதோ அது. ஆனால் ஒருமுறை அடைத்தால் அந்தச் செல்லின் சந்ததி முழுவதும் அதே எக்ஸை அடைத்தே வைத்திருக்கும். அந்தச் சந்ததி தோலில் பரவிய இடமே ஒரு திட்டு. (கங்காரு இதில் கறார்: எப்போதும் தந்தையின் எக்ஸைத்தான் அடைக்கும்.) மூன்றாவது நிறமான வெள்ளைக்கும் எக்ஸுக்கும் சம்பந்தமில்லை. வேறொரு குரோமோசோமிலுள்ள மரபணுவால் நிறமி செல்கள் போய்ச் சேராத இடங்களே வெள்ளை. அந்த அபூர்வக் கடுவன்? பெரும்பாலும் அதற்கு இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கும். குட்டி பிறப்பிக்க அநேகமாக முடியாது.

2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதல் நகல் (குளோன்) பூனை பிறந்தது. மூலம், ரெயின்போ என்ற மூன்று நிறப் பெட்டை. நகலுக்கு சிசி என்று பெயரிட்டார்கள். மரபணுக்கள் அச்சு அசல் அதேதான். ஆனால் சிசியிடம் செவலை மருந்துக்கும் இல்லை. நகலெடுக்க ரெயின்போவிடமிருந்து எடுத்த ஒற்றைச் செல்லில் செவலை எக்ஸ் அடைபட்டிருந்தது, அது திறக்கவே இல்லை. செத்துப்போன செல்லப்பிராணியை அப்படியே திரும்பத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்க நினைப்பவர்களுக்கு இதைவிட மோசமான விளம்பரம் அமைந்திருக்காது. சிசி 18 ஆண்டுகள் நன்றாகவே வாழ்ந்து 2020-இல் இறந்தது.

பெண்களின் உடலும் இப்படித்தான். ரோமத்தில் தெரிவதில்லை, அவ்வளவே. சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி டார்வின் 1875-இல் எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்குச் சில பற்களே முளைத்தன, உடலில் ரோமம் அரிது, வெயில் காலத்தில் தோல் வறண்டு தவித்தார்கள். பெண்கள் யாருக்கும் அப்படியில்லை, ஆனாலும் தங்கள் மகன்களுக்குக் கடத்தினார்கள். எக்ஸ் வழி வரும் இந்தக் குறைக்கு இன்று பெயர் உண்டு, மரபணுவும் தெரியும். அதைச் சுமக்கும் பெண்ணின் முதுகில் அயோடினையும் மாவுப்பொடியையும் பூசி வியர்க்கவிட்டால், வியர்வைச் சுரப்பி உள்ள இடங்கள் கறுக்கும், இல்லாத இடங்கள் கறுக்காமல் நிற்கும். நடு முதுகிலிருந்து இருபுறமும் வளைந்து செல்லும் கோடுகளாக, தாயின் எக்ஸ் வேலை செய்த இடமும் தந்தையின் எக்ஸ் வேலை செய்த இடமும் தனித்தனியே தெரியும்.