உழுவார்க்கு நிலந்தேடிய தம்பதிகள்

கரிசற் சீமையிற் பிறந்தார்க்கு மண்ணின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இந்நிலம், ஐப்பசி மழை கண்டவுடன் பருத்தியும் கம்பும் சோளமும் ஈகின்றது. மழை பொய்ப்பின் யாவர்க்கும் துன்பமே. ஆயினும் கோவிற்பட்டியைச் சூழ்ந்த ஊர்களில் ஒன்றை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். நிலமுடையவன் கடன் வாங்கியேனும் அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றான். நிலமில்லாதவனோ பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் புறப்படுகின்றான். ஆதலின் நிலமென்பது வெறும் சொத்தன்று. பிறந்த ஊரில் தலைநிமிர்ந்து வாழும் உரிமையே அது. இவ்வுரிமையை ஏழைகட்குப் பெற்றுத் தருவதையே இல்லறமாகக் கொண்ட சங்கரலிங்கம் ஜகந்நாதன், கிருஷ்ணம்மாள் என்னும் தம்பதிகளின் தொண்டினை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஜகந்நாதன் 1914-ம் வருஷம் செல்வக் குடியிற் பிறந்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு 1930-ல் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர்ச் சுதந்திரப் போரிற் சிறைவாசமும் ஏற்றார். கிருஷ்ணம்மாள் 1926-ல் தாழ்த்தப்பட்ட வகுப்பில், நிலமில்லாத ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். நிறைகர்ப்பிணியாயிருந்த காலத்தும் ஓயாது உழைக்க நேர்ந்த தம் அன்னையின் துயரமே அவருடைய முதற் பாடம் எனலாம். வறுமையை வென்று உயர்கல்வி பெற்ற அவர், ஸர்வோதயப் பணியில் ஈடுபட்டார். தேசம் விடுதலை பெற்ற பின்னரே மணம் புரிவதென்ற உறுதியுடன் காத்திருந்த இருவரும், 1950-ல் ஜாதி வேற்றுமையைக் கடந்து மணந்துகொண்டனர்.

மணமான சிறிது காலத்திற்குள் ஜகந்நாதன் வடநாடு சென்று, வினோபா பாவேயுடன் பூமிதான யாத்திரையில் நடந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்தார். பின்னர் இருவரும் தமிழ்நாட்டு ஊர்தோறும் நடந்து நிலதானம் வேண்டினர். பூமிதானம் உயர்ந்த முயற்சியே. எனினும் தானமாக வந்த நிலங்களிற் பல விளைவற்றவை, சில வழக்கிற் சிக்கியவை. கொடுப்பவர் மனத்தை மட்டும் நம்பியிருந்தால் உழுபவன் எத்துணைக் காலம் காத்திருப்பது என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவை 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ம் நாள் இரவு கொடுமையாக முன்னிறுத்திற்று. கிறிஸ்து பிறந்த திருநாளன்று தஞ்சைச் சீமையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளரின் குடும்பத்தார், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர், ஒரு குடிசையில் எரியுண்டு மாண்டனர். நமது கரிசலில் நீரின்மையால் வறுமை என்போம். காவிரி பாயும் அந்நாட்டில் நெல்லும் நீரும் நிறைந்திருந்தும் உழைத்தவன் வறியனாயிருந்தான். ஆகவே வறுமையின் வேர் வானத்தில் மட்டுமில்லை என்பது தெளிவு. தம்பதிகள் அச்சீமைக்கே சென்று தொண்டாற்றத் துணிந்தனர்.

பல்லாண்டுச் சத்தியாக்கிரகங்களுக்குப் பின், 1981-ல் ‘லாப்டி’ என்னும் நில உரிமை இயக்கத்தை நிறுவினர். அதன் முறை யாதெனின், நிலக்கிழாரையும் நிலமற்றாரையும் ஒருங்கே அமர்த்திப் பேசி, நியாயமான விலையை உடன்படிக்கை செய்தல். அவ்விலைக்கு வங்கிக் கடன் முதலியன பெறுதல். குடும்பத்துக்கு ஓரேக்கராகப் பகிர்ந்து பெண்களின் பெயரிற் பதிவு செய்தல். விளைவிலிருந்து கடனைத் தீர்க்க உதவுதல். தொடக்கத்தில் வங்கிகள் தயங்கின. பத்திரச் செலவும் பாரமாயிருந்தது. ஆயினும் தளராமையால் சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. பெண்ணின் பெயரிற் பதிவதன் நுட்பத்தை நோக்குக: குடிக்கோ சூதுக்கோ அந்நிலத்தைக் கணவன் எளிதில் இழக்கவியலாது, குழந்தைகளின் சோறு காக்கப்படும்.

1990-க்குப் பின் புதியதோர் இடர் வந்தது. இறாற் பண்ணைகளின் உவர்நீர் வயல்களையும் குடிநீரையும் கெடுத்தது. முதுமையிலும் ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996-ம் வருஷம் டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடா என்று தீர்ப்பாயிற்று. பின்னர் 2005-ல் இயற்றப்பட்ட சட்டம் பண்ணைகளுக்கு மீண்டும் இடமளித்தது. வென்ற நியாயத்தையும் விழித்திருந்து காக்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

2008-ல் இருவர்க்கும் சுவீடன் தேசத்து ‘சரியான வாழ்வுமுறை’ப் பரிசு வழங்கப்பட்டது. ஜகந்நாதன் 2013 பிப்ரவரியில் மறைந்தார். கிருஷ்ணம்மாளுக்கு 1989-ல் பத்மஸ்ரீயும் 2020-ல் பத்மபூஷணும் அளிக்கப்பட்டன.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் அரசன் இச்சித்த வரலாற்றை நாம் வேதபாட வகுப்பிற் கற்கின்றோம். அரசனைக் கடிந்துரைத்த எலியாவைப் போற்றுகின்றோம். ஆனால் நாபோத்தைப்போல் இழப்பதற்கும் ஒரு தோட்டமில்லாதவர் நம் ஊர்ப்புறத்தே பலர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் தந்தையார் நிலத்திற் களையெடுப்பவர் யாவர், அவர்க்குச் சொந்தமாக ஒரு குழியேனும் உண்டோ, அவர்தம் பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர் என்று வினவியறிவாராக. அவ்வினாவிலிருந்தே இத்தம்பதிகளின் நெடும் பயணம் தொடங்கிற்று.