கையில் புரளும் எழுத்து

இரண்டாம் வகுப்புப் பையன். பாடத்தை மணிமணியாக ஒப்பிப்பான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் பேந்தப் பேந்த விழிப்பான். தாயாருக்கு ஆத்திரம், முதுகில் ஒன்று வைக்கிறாள்! அடித்தால் எழுத்து ஏறுமா, அம்மணி?

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததே, கல்லுடைக்கும் பெண்களுக்கு 'அ, ஆ' என்று வரிசையாக ஆரம்பிக்கவில்லை. அன்றாடம் புழங்கும் சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டினார்கள். (அவர்கள் சைக்கிள் பழகியது தனிக்கதை!)

பையனுக்கும் அதே வழிதான். தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி, விரலால் 'ட' எழுதட்டும்; இரண்டே கோடு. எழுதும்போதே வாயும் ஒலிக்கட்டும். அப்புறம் 'ப', 'ம'. அட்டைத் துண்டுகளைச் சேர்த்து, 'ம' தலையில் புளியங்கொட்டையைப் புள்ளியாக வைத்தால் 'படம்'. நடுவே 'ட்' செருகினால் 'பட்டம்'! 'பகல்', 'தங்கம்' இரண்டிலும் 'க' வேறு வேறாக ஒலிக்கும். அதைக் காதால்தான் பழக்க வேண்டும். தினம் கால் மணி போதும்; கொட்டாவி விட்டால் தாம்பாளத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.