சுவருக்குப் பலகை அடிக்கப் போகிறீர்களா?

மூன்று வருஷத்துக்கு முன்னால், பெரியவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதுமே என் கண்ணை உறுத்தியது முன்கூடத்துச் சுவர்தான். கீழே இரண்டடி உயரத்துக்கு உப்பு பூத்து, பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது. "இதுக்குப் போய் ஏனுங்க்கா கவலைப்படறீங்க? பலகை அடிச்சு மறைச்சுப் போடலாம்" என்றார் வேலைக்கு வந்தவர். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கூடம் ஜம்மென்று ஆகிவிட்டது.

அது புரட்டாசி மாதம். எங்கள் கீரனூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. மழை விடுவதற்குள் கூடத்தில் மக்கிய வாடை. அந்தச் சுவரோரம் கட்டில் போட்டுப் படுக்கும் மாமியாருக்கு இரவெல்லாம் இருமலும் இழுப்பும். "வீட்டில் ஓதம் இருக்கிறதா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பலகையைப் பிரித்தால், பின்னால் கறுகறுவென்று பூஞ்சணம்; மூலையில் கரையான் மண்! ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. நாம் எங்கே அதையெல்லாம் பார்க்கிறோம்?

சுவருக்குப் பலகை அடிப்பது குளிர் நாட்டு வழக்கம். கல் சுவரின் குளிர் தாக்காமலிருக்க ஓக் பலகை அடித்தார்கள். பர்மா தேக்கை இழைத்து இழைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீடுகளில்கூட மரம் தூணுக்கும் கதவுக்கும்தான்; சுவருக்கு வழவழவென்ற சுண்ணாம்புப் பூச்சு. ஆகவே நமக்குப் பலகை வெறும் அழகுக்குத்தான். ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் ஈர உடம்பின் மேல் சட்டை போடலாமா?

முதலில் சுவரைப் பாருங்கள்

இரண்டடிச் சதுரத்தில் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பலகையை மறந்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். குளியலறைக் குழாயா, மாடித் தண்ணீரா? எங்கள் வீட்டில் காரணம் நானேதான்! வெளியே சுவரோரம் ஆசையாக வைத்திருந்த கனகாம்பரப் பாத்தியின் மண், வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தது. நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் சுவருக்குள் போயிருக்கிறது. மண்ணை வெட்டியெடுத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவாகச் சிமெண்ட் போட்டோம். கெட்ட பூச்சைக் கொத்தி, கோடை முழுக்கக் காயவிட்டுப் பிறகு பூசினோம். பூஞ்சணச் சுவரைக் கொத்தும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

எந்தப் பலகை?

தேக்கு நல்லதுதான், விலை கட்டுபடியாகாது. கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மலிவு. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 303 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். அதிலும் எம்.ஆர். ரகம் காற்றின் ஈரத்தைத்தான் தாங்கும்; தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். ரகம் மேல். பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். 2004-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டார்கள். அது குறைவாக வெளிவரும் ஈ-1 அல்லது ஈ-0 ரகம் கேட்டு வாங்குங்கள்.

அடிக்கும்போது

* தை முதல் சித்திரைக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.
* நாலடி உயரம் போதும். 12 அடிச் சுவருக்கு எட்டுக்கு நாலு பலகை ஒன்றரை ஆகும்.
* சுவரில் நேராக ஒட்டாமல், இரண்டடிக்கு ஒரு ரீப்பர் அடித்து அதன்மேல் பொருத்தச் சொல்லுங்கள். மேலும் கீழும் காற்றுப் போக இடுக்கு வேண்டும்.
* பலகையின் முதுகுக்கும் ஓரங்களுக்கும் மறக்காமல் பெயிண்ட் அடிக்க வேண்டும்.
* தரையிலிருந்து நாலு விரல் தூக்கியே இருக்கட்டும். வீடு துடைக்கும் தண்ணீர் படாது.
* ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ. வேண்டும்போது கழற்றிப் பார்க்கலாம்.
* ஓட்டை போடுமுன் மெயினை அணைத்து, ஒயர் போகும் இடத்தை எலக்ட்ரீஷியனைக் கொண்டு குறித்துவிடுங்கள்.
* வார்னிஷ் வாடை போகும்வரை ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

அடுத்த சித்திரையில் இப்படித்தான் மறுபடி அடித்தோம். வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். மாமியாருக்கு இழுப்பு அறவே நின்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது.

பெண் பார்க்க வந்தவர்களா? அவர்கள் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!