வெட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் முன்...

2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆழிப் பேரலை 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. அவர்களில் குழந்தைகள் ஏராளம். "இரண்டு போதும்" என்று குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பல பெற்றோர், ஒரே காலையில் எல்லாப் பிள்ளைகளையும் இழந்து நின்றனர். அப்போது தமிழக அரசு, அத்தகைய தாய்மார்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்து தர முன்வந்தது. சிலர் மீண்டும் தாயானார்கள். எல்லோருக்கும் அது கைகூடவில்லை.

அங்கே பெண்கள் கேட்ட கேள்வியை ஆண்களும் கேட்பதுண்டு. குளுவாங் - மெர்சிங் சாலையில் உள்ள காஹாங்கில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் மனைவி இறந்துவிட்டார். மறுமணமும் ஆகிவிட்டது. புது மனைவிக்கு ஒரு குழந்தை வேண்டும். ஆனால் இவரோ பத்து வருடத்திற்கு முன்பே கருத்தடை செய்துகொண்டவர். இவர் என்ன செய்ய வேண்டும்?

என்ன நடந்திருக்கிறது?

கருத்தடையின்போது விந்தணுக்கள் வரும் இரு குழாய்களும் வெட்டிக் கட்டப்படுகின்றன. விரைகள் வழக்கம்போல் வேலை செய்யும். ஆண்மை குறைவதில்லை. விந்தணுவும் உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கும்; வெளியே வர வழிதான் இல்லை. அந்த வழியைத் திறப்பதுதான் மறு இணைப்பு.

சொல்வது சுலபம். செய்வது அப்படியல்ல. குழாயின் உள்துவாரம் ஊசி முனை அளவுதான். தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவின் ஷெர்மன் சில்பர், ஆஸ்திரேலியாவின் ஏர்ல் ஓவன் போன்ற மருத்துவர்கள் நுண்ணோக்கியைக் கொண்டு இதைச் செய்யத் தொடங்கிய பிறகே வெற்றி கூடியது. கருத்தடை சில நிமிட வேலை. மறு இணைப்புக்கோ இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும்.

காலம்தான் முதல் கணக்கு

1991இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று 1,400க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்தது. கருத்தடை செய்து மூன்று ஆண்டுக்குள் இணைத்தவர்களில் 97 விழுக்காட்டினருக்கு விந்தணு திரும்பியது. 76 விழுக்காட்டினரின் மனைவியர் கருவுற்றனர். 9 முதல் 14 ஆண்டு கடந்தவர்களுக்கு இது 79, 44 எனக் குறைந்தது. 15 ஆண்டைத் தாண்டியவர்களுக்கு 71, 30.

இந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். "90 விழுக்காடு வெற்றி" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அது விந்தணு திரும்பியதா, குழந்தை பிறந்ததா என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

மனைவியின் வயதும் கணக்கில் உண்டு

பலர் மறந்துவிடும் விஷயம் இது. பெண்ணுக்கு 35 வயதைக் கடந்தால் கருவுறும் வாய்ப்பு குறைகிறது. 40க்கு மேல் வேகமாகக் குறைகிறது. எனவே கணவர் அறுவைச் சிகிச்சைக்குப் படுக்கும் முன், மனைவியின் கருமுட்டை இருப்பையும் கருக்குழாய்களையும் பரிசோதிப்பது முக்கியம். அங்கே சிக்கல் இருந்தால், விரையிலிருந்து நேரடியாக விந்தணுவை எடுத்துச் சோதனைக் குழாய் முறையில் கருவாக்குவதே பொருத்தமாக இருக்கலாம். ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை 1992 முதல் உலகில் நடைமுறையில் உள்ளது. இரண்டின் செலவையும் காலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நுண்ணோக்கி பயன்படுத்துகிறாரா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? வெட்டிய இடத்தைத் தாண்டி, விரையை ஒட்டியும் அடைப்பு இருந்தால் அதையும் சரிசெய்யத் தெரியுமா? அறுவையின்போதே விந்தணுவை எடுத்து உறைய வைக்க முடியுமா? மயக்க மருந்து, படுக்கை, மறு பரிசோதனை எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை வெள்ளி?

இத்தகைய நிபுணர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருப்பார்கள். காஹாங்கிலிருந்து செல்பவர் போக்குவரத்துச் செலவையும் வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். முதலில் அருகிலுள்ள கிளினிக்கில் பேசி, பரிந்துரைக் கடிதம் பெறுவது நல்ல தொடக்கம்.

வீடு திரும்பிய பிறகு

மூன்று, நான்கு வாரங்களுக்குப் பளு தூக்கக் கூடாது. செம்பனைக் குலை அறுத்துச் சுமப்பவருக்கு இது பெரிய கட்டுப்பாடு. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம். தாம்பத்திய உறவை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போட வேண்டும். வீக்கம், கிருமித் தொற்று, நாள்பட்ட வலி, மீண்டும் அடைப்பு ஆகியவை வரக்கூடும். புகைப்பதை நிறுத்த வேண்டும். உடல் வலுவுக்கென்று ஆண் ஹார்மோன் ஊசி போடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

விந்தணு திரும்பச் சில வாரங்களும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். அதுவரை பரிசோதனையும் பொறுமையும் தேவை. குழந்தை தாமதமானால் பழியைப் பெண்ணின் தலையில் போடும் வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அது பெரிய அநியாயம்.

கருத்தடையை நிரந்தரமென்று எண்ணியே செய்துகொள்ள வேண்டும். மறு இணைப்பு ஒரு வாய்ப்புதான், உத்தரவாதம் அல்ல. கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவர் முன் உட்கார்ந்து, கைகூடாவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே பேசி முடிவெடுத்தால், பின்னால் வரும் மனக்கசப்பு பாதியாகக் குறையும்.