மருந்து அடிக்கும் முன் கூண்டைப் பாருங்கள்

சமையல் மேடையில் ஒரு கரப்பான் பூச்சி ஓடினால் நம் கை தானாகவே ஸ்பிரே டின்னைத் தேடும். இரண்டு நொடி அழுத்தினால் போதும், வேலை முடிந்தது. ஆனால் அதே வீட்டில் ஒரு பறவைக் கூண்டு தொங்கினால் அந்த இரண்டு நொடிக்குப் பிறகு நடப்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது நம்மில் பலர் பறவை வளர்க்கத் தொடங்கினோம். ‘லவ் பேர்ட்ஸ்’ என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்தப் பட்ஜிகள், கொண்டை வைத்த காக்கட்டீல், முற்றத்தில் கூவும் மெர்போக் என்று ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது சிட்டு என்ற காக்கட்டீல். நான் வேலை செய்யும் வானொலியின் விளம்பர இசையை என்னைவிடச் சுத்தமாக விசிலடிக்கும்.

சிட்டுவைப் பற்றி நிகழ்ச்சியில் அடிக்கடி பேசுவதால் பறவை வளர்க்கும் நேயர்கள் பலர் அழைப்பார்கள். சென்ற ஆண்டு பினாங்கிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். கரப்பான் தொல்லை தாங்காமல் மருந்து அடிக்க ஆள் வரவழைத்திருக்கிறார். “ரெண்டு மணி நேரம் வெளிய இருந்தா போதும்” என்று வந்தவர்கள் சொன்னார்களாம். அவரும் பிள்ளைகளும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். அறைக்குள் துணி மூடி வைத்திருந்த நான்கு பட்ஜிகளில் இரண்டு மறுநாள் காலை கூண்டின் அடியில் கிடந்தன. “மனுசங்களுக்கு ஆகாதுன்னா எங்களுக்கும்ல ஏதாச்சும் ஆகியிருக்கணும் தங்கச்சி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பறவையின் நெஞ்சுக்குள் இருக்கிறது.

ஏன் பறவைக்கு மட்டும்?

நம் நுரையீரல் பலூன் போல விரிந்து சுருங்கும். பறவையின் நுரையீரல் அப்படி விரிவதில்லை. அதனோடு இணைந்த காற்றுப் பைகள் துருத்தி போல வேலை செய்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு இவை ஒன்பது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியாகவே ஓடும். பறப்பதற்குத் தேவையான ஆக்சிஜன் இப்படித்தான் கிடைக்கிறது. அதே வழியில் நச்சும் வேகமாக உள்ளே போகிறது. பட்ஜியின் எடை ஏறக்குறைய 30 முதல் 40 கிராம். நமக்குத் தொண்டைக் கரகரப்பைத் தரும் அளவு அதற்குத் தாங்காது.

நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கேனரிக் குருவியை எடுத்துப்போன கதை இதுதான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890-களில் சொன்ன யோசனை அது. கார்பன் மோனாக்சைடு கசிந்தால் மனிதனுக்குத் தெரியும் முன் குருவி தள்ளாடும். பிரிட்டனில் 1986-இல்தான் மின்னணுக் கருவிகள் வந்து குருவிகளுக்கு விடுதலை கொடுத்தன.

அதனால் பூச்சி மருந்து வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இது காற்றில் கலக்குமா?’ என்பதுதான். காற்றில் கலப்பது எதுவானாலும் கூண்டு இருக்கும் வீட்டுக்கு அது கடைசி வழி. இரைப்பசை, மூடிய பொறி, ஓட்டையை அடைக்கும் சிமெண்டு போன்றவை இருக்கும் இடத்திலேயே இருக்கும். அவையே முதல் வழி.

சாம்பிராணியும் சேர்த்திதான்

இந்தப் பட்டியலில் ஸ்பிரே டின்னும் கொசுவத்திச் சுருளும் இருப்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திச் சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்கு நுண்துகள்களை விடுவதாகக் கணக்கிட்டது. கூண்டுக்குப் பக்கத்தில் அதை ஏற்ற யாருக்கும் மனம் வராது.

சிக்கல் ‘இயற்கையானது’ என்று நாம் நம்பும் பொருள்களில்தான். செராய் எண்ணெய் ஊற்றிய டிஃபியூசர், கற்பூரம், சேலை அலமாரியில் போடும் அந்துருண்டை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாமே காற்றில் கலப்பவை. இதைச் சொன்னபோது என் அம்மாவுக்குக் கோபம் வந்தது. “காலங்காலமா வீட்டுக்குப் பொக போட்டுக்கிட்டுதான இருக்கோம், ஒரு குருவிக்காக விட்டுடணுமா?” என்றார். விடவில்லை. சாம்பிராணி போடும் நேரத்தில் சிட்டு மாடியறையில் கதவு சாத்தி, சன்னல் திறந்து இருக்கும். புகை அடங்கியபின் கீழே வரும். அந்துருண்டையை மட்டும் ஒரேயடியாக எடுத்துவிட்டோம். அது நாள் முழுவதும் ஆவி விடுவது.

பூச்சிக்குச் சோறு போடுவது யார்?

பறவை வளர்ப்போர் வசதியாக மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. பூச்சிகளை வீட்டுக்கு அழைப்பதில் கூண்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சிந்திய தினை, பழத்துண்டு, ஈரமான காகிதம், தண்ணீர்க் கிண்ணம். கரப்பானுக்கும் எலிக்கும் இதைவிட என்ன வேண்டும்? ஜெர்மன் கரப்பான் என்ற சின்ன வகையின் ஒரே முட்டைக் கூட்டுக்குள் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். ஓடுகிற ஒன்றை அடித்துக்கொண்டிருந்தால் கணக்குத் தீராது.

கரப்பானுக்கு: அடித்தட்டுக் காகிதத்தைத் தினமும் மாலையில் மாற்றுங்கள். காக்கட்டீலும் பட்ஜியும் இருட்டில் சாப்பிடுவதில்லை. எனவே படுக்கும் முன் தீனிக் கிண்ணத்தை எடுத்து மூடி வைக்கலாம். பிறகு இரைப்பசையை அரிசி அளவுக்கு அலமாரிக் கீல்களிலும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் வையுங்கள். பறவை எட்டாத இடுக்காக இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள். அந்த வாடை கரப்பானை இரையிலிருந்தே விரட்டிவிடும்.

எறும்புக்கு: தோட்டத்து லயத்து வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய பால் டின்களில் நிறுத்துவார்கள். கூண்டு வைத்த மேசைக்கும் அது பொருந்தும். ஆனால் வெறும் தண்ணீர் வேண்டாம். எறும்புக்காக வைத்த அந்தக் கிண்ணங்கள் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த பிறப்பிடம். சவர்க்காரம் கரைத்து ஊற்றி, வாரம் ஒருமுறை கழுவுங்கள். மருந்து அடித்தால் சில எறும்பு வகைகள் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு நாலு இடத்தில் குடியேறும். பாரோ எறும்பு இதற்குப் பேர்போனது.

தினை மூட்டையில் வரும் அந்துக்கும் வண்டுக்கும்: மருந்தே வேண்டாம். வாங்கிய தீனியைப் பையோடு ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். முட்டையோடு செத்துவிடும். பிறகு இறுக்கமான டப்பாவில் கொட்டுங்கள்.

எலிக்கு: சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும். இரும்புக் கம்பிப் பஞ்சும் சிமெண்டும் கொண்டு அடைப்பதுதான் நிலையான வழி. எலி விஷத்தைக் கூண்டு இருக்கும் வீட்டில் தூவாதீர்கள். அது பார்ப்பதற்குத் தானியம் போலவே இருக்கும். எலி அதை இழுத்து வந்து எங்கே போடும் என்று நம்மால் சொல்ல முடியாது. விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அது ஆபத்து. நம் செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கவே கூண்டு கட்டிக் கூகை ஆந்தைகளைக் குடியேற்றுகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒட்டும் பலகை வைப்பதானால் பெட்டிக்குள் வையுங்கள். பறக்க விட்ட பறவை அதில் சிக்கினால் இறகோடு போராட வேண்டியிருக்கும்.

உண்ணிக்கு: பறவை இரவில் நிம்மதியில்லாமல் கொத்திக்கொண்டே இருந்தால் கூண்டின் மேல் வெள்ளைத் துணி போடுங்கள். காலையில் துணி மடிப்பில் சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளிகள் நகர்ந்தால் அவை உண்ணி. கூண்டைச் சுடுநீரில் கழுவலாம். பறவையின் உடம்புக்கு மருந்து கால்நடை மருத்துவர் கையால்தான். ஏர்கான் பெட்டிக்கு மேல் மைனாவோ புறாவோ கட்டிய கூடு காலியாகியிருந்தால் அதையும் அகற்றுங்கள். உண்ணி அங்கிருந்தும் வரும்.

டிங்கிப் புகை வரும் நாள்

இதுவரை சொன்னதெல்லாம் நம் வீட்டு முடிவு. டிங்கிப் புகை அப்படியல்ல. 2019-இல் மலேசியாவில் ஒரு லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். ஒரு வரிசையில் நோயாளி இருந்தால் சுகாதாரத் துறையோ நகராண்மைக் கழகமோ புகை அடிக்க வரும். பறவை இருக்கிறது என்று கேட்டைப் பூட்டிக்கொள்பவர்களும் உண்டு.

எங்கள் வரிசைக்கும் அந்த நாள் வந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் பையன் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தான். மறுநாள் மாலை புகை என்று அறிவிப்பு வந்ததும் என் கணவர் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாதான் பேசினார். “மாப்பிள்ளை, அடுத்தவங்க பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கு. நாம கதவச் சாத்துனா நல்லாவா இருக்கும்? குருவிய வேற வீட்டுக்குக் கொண்டு போங்க.”

அதுதான் சரி. கதவு திறந்திருக்க வேண்டும், பறவை அங்கே இருக்கக் கூடாது. சிட்டு காப்பாரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு இரண்டு இரவுக்குப் போனது. அந்த இரண்டு நாளும் மாலை நிகழ்ச்சி முடிந்து வந்தால் விசில் இல்லாத வீடு. புகைக்குப் பிறகு சன்னல்களைத் திறந்து விசிறி ஓடவிட்டு, தரையையும் கூண்டு நிற்கும் மேசையையும் துடைத்தோம். வாடை முழுவதும் போன பிறகே அழைத்து வந்தோம். வெளியூரில் உறவில்லாதவர்கள் நண்பர் வீட்டையோ பறவைகளை ஏற்கும் விடுதியையோ முன்கூட்டியே பேசி வைக்கலாம். நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயில் கொன்றுவிடும்.

இன்னொன்று: பறவை குளிக்க வைக்கும் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரிங்கிட் அபராதம். அதைவிட, மூன்று வீடு தள்ளி ஒரு பிள்ளை இருக்கிறது.

ஆள் வரவழைத்தால்

கரையான் போன்றவற்றுக்கு நிறுவனத்தை அழைக்காமல் முடியாது. தொலைபேசியிலேயே “வீட்டில் பறவை இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். மருந்தின் மூலப்பொருள் என்ன? தெளிப்பா, இரையா? பறவை எப்போது திரும்பலாம்? மனிதருக்கான நேரத்தைச் சொன்னால் அதை ஏற்காதீர்கள். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை என்றால் வேறு வழி கேளுங்கள். அவை பறவைகளுக்கு மிகக் கடுமையானவை. கரையானுக்கு இரைப்பெட்டி முறை இருக்கிறது. பூச்சி தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து அது. பெட்டிக்குள்ளேயே இருப்பதால் காற்றில் கலக்காது.

எல்லாம் செய்தும் பறவை வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினாலோ, இறகை உப்பிக்கொண்டு அடித்தட்டில் உட்கார்ந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே நல்ல காற்றுக்குக் கொண்டு போய், மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். எல்லாக் கால்நடை மருந்தகங்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. உங்கள் ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று இந்த வாரமே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். பினாங்கு அக்காவும் அப்படித்தான் செய்திருக்கிறார். மிச்சமிருந்த இரண்டு பட்ஜிகளும் இப்போது நன்றாக இருக்கின்றனவாம்.