நீச்சற் குளம்: தொட்டியும் தூய்மையும்

கடல் சூழ்ந்த இலங்கையிலே பிறந்தும் நீந்த அறியாது வளரும் பிள்ளைகள் பலர். வெள்ளவத்தையிலே புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். ஆயினும் அது கற்கத் தொடங்குவோர்க்கு ஏற்ற இடமன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலையும் நீரோட்டமும் தேர்ந்தாரையும் இழுத்துச் செல்லும். நவரத்தினசாமி 1954 இலும் வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971 இலும் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த பெருமையை நாம் மேடைதோறும் பேசுகின்றோம். நம் மாணவர் 25 மீற்றர் நீந்தப் பழகுதற்கு இடமுண்டோ என எண்ணுவார் சிலரே. பாடசாலைக்கு ஒரு நீச்சற் குளம் வேண்டும் என்னும் விருப்பம் பழைய மாணவர் கூடுமிடங்களில் எழுவது நன்று. ஆனால், பொருள் திரட்டுமுன் இரண்டை ஆராய்தல் வேண்டும்: எத்தகைய தொட்டி? நீரைத் தூய்தாக்கும் முறை யாது?

இவ்விரு வினாக்களும் புதியனவல்ல. மொகஞ்சதாரோவிலுள்ள பெருங்குளம், ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. நீர் கசியாதிருக்க அதன் செங்கற் சுவருக்கு நிலக்கீல் பூசினர். அநுராதபுரத்து இரட்டைக் குளமாகிய குட்டம் பொக்குணவிலோ, நீர் முதலிற் சிறு தொட்டியிலே தங்கி, மண்டி படிந்த பின்னரே குளத்துட் புகுந்தது. கீரிமலைக் கேணியில் ஊற்று நீர் இடையறாது சுரந்து கடலிற் கலக்கின்றது. அழுக்கும் உடன் செல்கின்றது. நகரத்துக் குளத்துக்கு அவ்வூற்று இல்லை. ஒரே நீரை நெடுங்காலம் பயன்படுத்த வேண்டியிருத்தலால், ஊற்றுச் செய்யும் பணியை இயந்திரமும் மருந்தும் செய்தல் வேண்டும்.

முதலிலே தொட்டி. வெள்ளவத்தை என்னும் சிங்களப் பெயர் மணற்றோட்டம் எனப் பொருள்படும். பெயரே நிலத்தின் இயல்பைக் கூறிவிடுகின்றது. கடலோர மணலிலே நிலத்தடி நீர் ஆழத்திலில்லை. மழைக்காலத்தில் அது மேலும் உயரும். 25 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் உள்ள குளத்தை வெறுமையாக்கிய வேளையில், நிலத்தடி நீர் அதன் அடித்தளத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால், தொட்டியை மேனோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 312 தொன்னாகும். பாரமற்ற தொட்டி ஓடம்போல் மிதந்தெழும், பாரமுள்ளதும் வெடிக்கலாம். ஆகவே மண்ணையும் நீர்மட்டத்தையும் சோதியாமல் தொட்டியைத் தெரிதல் தவறு.

தொட்டிகள் மூவகைப்படும். கண்ணாடி நாரால் ஆலையிற் செய்யப்படும் தொட்டி விரைவில் அமைவது. வழுவழுப்பானமையாற் பாசி எளிதிற் பற்றாது. ஆனால், முழுதாக லொறியிற் கொண்டுவரப்பட வேண்டியது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் அதற்கு இடங்கொடா. பாரங் குறைந்தமையால் மிதக்கும் அபாயமும் மிகுதி. சட்டத்தின்மேல் வைனில் விரிப்பு இடும் முறை தொடக்கத்தில் மலிவு. விரிப்புக் கிழியும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். கம்பியிட்ட கொங்கிறீற்றுத் தொட்டி செலவும் காலமும் கூடியது. எனினும் எவ்வளவிலும் அமைக்கலாம், பாரமுள்ளது, பல தலைமுறை நிற்பது. இதற்கும் பகை உப்பே. கழுவாத கடல் மணலைக் கலந்தாலோ, கம்பியை மூடும் கொங்கிறீற்று மெலிதாயினாலோ, கம்பி துருப்பிடித்துச் சுவர் பிளக்கும். அடித்தளத்தில் நிலத்தடி நீரின் அழுத்தத்தைத் தணிக்கும் வாயிலும் வேண்டும்.

அடுத்தது தூய்மை. மேற்கூறிய குளம் சராசரி 1.5 மீற்றர் ஆழமாயின் அதிலே ஏறக்குறைய 469 கன மீற்றர் நீர் நிற்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவ்வளவும் வடிகட்டியினூடு செல்ல, பம்பி மணிக்கு 78 கன மீற்றர் நீரை இறைத்தல் வேண்டும். மணல் வடிகட்டி பாடசாலைக்குப் போதியது. நீரை எதிர்த்திசையிற் செலுத்தி அதனைக் கழுவலாம்.

வடிகட்டி அழுக்கை நீக்கும். கிருமியை முற்றாக நீக்காது. அதற்குக் குளோரீன் வேண்டும். இலீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை தனிக்குளோரீன் எப்பொழுதும் நீரில் நிற்றல் நன்று. அதன் வலிமை நீரின் பீ.எச். பெறுமானத்தைப் பொறுத்தது, 7.5 இல் அதிற் பாதியளவே வலிய கிருமிகொல்லியாய் நிற்கும், 8 ஐ அடைந்தாற் காற்பங்குக்கு மேல் நில்லாது. எனவே 7.2 க்கும் 7.8 க்கும் இடையே அதனைப் பேணுக. வெயிலும் குளோரீனை அழிக்கும். கண்ணெரிவும் கடுநாற்றமும் குளோரீன் மிகுதியால் வருவன என்பர் பலர். வியர்வையும் சிறுநீரும் குளோரீனோடு கூடிப் பிறக்கும் குளோரமீனே பெரும்பாலும் அதற்குக் காரணம். குளத்தில் இறங்குமுன் நீராடுக என்னும் விதி இதனாலெழுந்தது.

உப்பு நீர்க்குளத்திற் குளோரீன் இல்லை என்பதும் தவறான எண்ணம். கடல் நீரிற் பத்திலொரு பங்களவான உப்பை இட்டு, மின்னாற் குளோரீனைப் பிறப்பிப்பதே அம்முறை. கைப்பணி குறையும், உலோகப் பொருள்கள் விரைவில் அரிபடும். ஊதாக் கடந்த ஒளியும் ஓசோனும் குளோரீனுக்கு அடங்காத சில கிருமிகளையும் அழிக்கும். ஆயினும் அவற்றின் காவல் குளத்து நீரிலே தொடர்ந்து நில்லாமையால் அவை துணையேயன்றி மாற்றாகா.

ஆதலின் வெள்ளவத்தை போன்ற கடலோரத்துப் பாடசாலைக்குக் கொங்கிறீற்றுத் தொட்டியும் மணல் வடிகட்டியும் அளந்திடும் குளோரீனுமே பொருந்துவன என்பது எம் கருத்து. திறப்பு விழாவுக்குப் பொருள் தருவோர் பலர். மின்கட்டணத்துக்கும், நாடோறும் நீரைச் சோதிப்பவரின் சம்பளத்துக்கும், கரையில் நிற்கும் உயிர்காப்பாளருக்கும் தருவோர் அரியர். மருந்தற்ற குளம் நோயையும், வேலியும் காவலும் அற்ற குளம் உயிரிழப்பையும் தரும். அன்பர்களே, நிதி திரட்டுங்கால் பராமரிப்புக்கென ஒரு பகுதியை முதலிலே ஒதுக்கி வையுங்கள். எஞ்சியதற்கேற்ற அளவிற் குளத்தை வெட்டுங்கள். சிறிய குளமாயினும் தெளிந்த நீருடையதாயின் நம் பிள்ளைகள் அதிலே நீந்தக் கற்பர்.